கடைசிப் பக்கம் வீட்டுக்குள் வரக்கூடாது

எனக்குப் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. குடியிருப்பது ஹாலிஎலவுக்கு மேலே, நான் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றில். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பராவைத் திறந்து வைத்துக்கொண்டு லயத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பேன். மற்ற நாட்களில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. ஞாயிறன்று சும்மாதான் கிடக்கும். இதைச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருக்கவும் மாட்டேன், என் குணம் அப்படி.

கொடுப்பதும் வாழ்க்கை வரலாறுகள் மட்டும்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருநாள் பிள்ளைகளை உட்காரவைத்து, வளர்ந்ததும் என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டேன். கொழும்பில் கடை, கார்மண்ட் தையல், ஆட்டோ என்றார்கள். எல்லாம் நல்ல தொழில்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கண்ணால் கண்டதே அவ்வளவுதான். காணாத ஒன்றுக்கு ஒரு பிள்ளை எப்படி ஆசைப்படும்? அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் எனக்காகப் பொறுக்கி வைப்பார். “தங்கச்சி, இன்னைக்கு ஒரு விஞ்ஞானி, ஒரு ஓட்டக்காரி வந்திருக்கு” என்பார், மீன்கடையில் சொல்வது மாதிரி. நான் பேரம் பேசாமல் வாங்கமாட்டேன். அவரும் பேரம் பேசாமல் கொடுக்கமாட்டார்.

புத்தகத்தைக் கொண்டுபோகிற பிள்ளை, சாயந்தரம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்க வேண்டும். இது நான் போட்ட சட்டம். ஒரு புத்தகத்தில் ஒரு வீடே படிக்கட்டுமே என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் கூட்டத்தில் ஏழாம் ஆண்டு படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி. கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பவள். அவள் தொடர்ந்து வந்தால்தான் மற்றதுகளும் வரும். கணீரென்ற குரல் அவளுக்கு. அதனால் சேர்ச்சில் அடக்க ஆராதனை நடந்தால், இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் லயத்தில் ‘வாழ்க்கை வரலாறு’ என்ற அந்த இரண்டு சொல்லும் காதில் விழுவது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். இது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா மலையில் குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பிள்ளை சட்டத்தை மீறவில்லை. சாயந்தரம் தாய் ரொட்டி தட்டிக்கொண்டிருக்க, அடுப்படியில் நிமிர்ந்து நின்று, அதே சேர்ச்சுக் குரலில் “வாழ்க்கை வரலாறு” என்று அட்டையிலிருந்தே ஆரம்பித்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்துக் காம்பராக்காரி, ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்துவிட்டது என்று நினைத்து, “ஐயோ, போயிட்டியாண்ணே!” என்று மாரடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் சத்தத்தில் லயமே கூடிவிட்டது.

கையில் மாவோடு தாய் என் வாசலுக்கு வந்தாள். புத்தகத்தைப் படியில் போட்டாள்.

“ஏன்க்கா, அந்த மனுசன் உசுரோட கெடக்கையில எங்க வீட்டுல வரலாறு வாசிக்கணுமா? இனி புஸ்தகம்னு எம் புள்ளய கூப்புடாதீங்க.”

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களைக் கூட்டி நிறுத்தி வேலை பிரித்து முடிப்பதற்குள், நான் கொடுப்பது சாவு வீட்டுப் புத்தகம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிறு வந்தது. பிள்ளைக் காம்பராவில் நானும் தொட்டில்களும் மட்டும்தான் இருந்தோம். மனசு வலித்தது. பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நல்லது, அழுகை நின்றுவிடும். கதவைப் பூட்டி, அவள் போட்டுப் போன புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனேன்.

அப்பா திரும்பி வந்திருந்தார். முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. தாய் உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

“இது செத்தவங்க புஸ்தகம் இல்ல தங்கச்சி. வாழ்ந்தவங்க புஸ்தகம்.”

“வாழ்ந்தவங்களும் கடைசிப் பக்கத்துல சாகத்தானேக்கா செய்யிறாங்க?”

அவள் சொன்னது உண்மைதானே. துணி காயும் கொடியில் தொங்கிய கிளிப் ஒன்றை எடுத்தேன். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து மாட்டினேன்.

“சாவுற பக்கம் உங்க வீட்டுக்குள்ள வராது. அதைப் பிள்ளைக் காம்பராவுலதான் வாசிப்போம். மத்ததை மட்டும் வாசிக்கட்டும்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். “வாசிக்கட்டுமே, நானும் சும்மாதானே கெடக்கேன்” என்றார் அவர்.

பெண்கள் வைத்தியம் படிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், படித்தே தீருவேன் என்று நின்ற ஒருத்தியின் வரலாறு அது. அந்த வாரம் முழுக்க, வேலை விட்டு வரும்போது லயத்து வாசலில் கொஞ்சம் நின்று காது கொடுப்பேன். குரல் கேட்கும். பக்கத்துக் காம்பராக்காரி அழவில்லை. அது போதும் என்று நடந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை முதல் ஆளாக வந்தாள். ஆனால் பின்னாலேயே, சேர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு தாயும் வந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்துக் காம்பராக்காரி. திரும்பவும் சண்டைதான் என்று நினைத்து நான் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டேன். விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தாய் புத்தகத்தை நீட்டினாள். “நீங்க மாட்டின கிளிப்பு ரொம்ப முன்னாடியே புடிச்சிருச்சிக்கா. நேத்து பாதியில நின்னுபோச்சு. அந்த மனுசனும் என்னாச்சு, என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“கழட்டிப் பார்த்திருக்கலாமே?”

“சாவுற பக்கம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு பேசினோமே.” தொட்டில்களுக்கு நடுவில் இடம் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். “அந்தப் பொம்பள அப்புறமா செத்தா சாகட்டும்க்கா. அதுக்கு முந்தி அவள வைத்தியம் படிக்க உள்ள எடுத்தாங்களா, இல்லையா? அத வாசிக்கச் சொல்லுங்க.”

கிளிப்பைக் கழற்றிப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் எழுந்து நின்றாள்.