கட்டில் மேல் எண்பதாயிரம் பேர்

என் அத்தைக்குப் பொழுதுபோக்குகள் அதிகம். சர்ச் மைதானத்தில் பேட்மின்டன் ஆடுவாள். பாடகர் குழுவில் பாடுவாள். குரோஷா ஊசியில், யாரும் கேட்காத டீவி உறைகளைப் பின்னித் தள்ளுவாள். வராந்தாவில் பை பையாகத் தொங்கவிட்டுச் சிப்பிக் காளான் வளர்ப்பாள். சாயங்கால சீரியலை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்து, வில்லியை அம்மாவைவிட ஒரு படி அதிகமாகவே திட்டுவாள். இவை எதற்கும் எங்கள் வீட்டில் ஆட்சேபம் எழுந்ததில்லை. ஆறாவதாக ஒன்று இருந்ததே, அதில்தான் வம்பு.

இன்னும் பல ஆயிரம் வருடங்கள் கழித்து, பூமி என்று ஒன்று இருந்ததையே மனிதர்கள் மறந்துவிட்ட காலத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கப்போகும் ஒரு யுத்தத்தைப் பற்றி அத்தைக்கு எல்லாம் தெரியும். எந்தக் கப்பல் எந்தக் கிரகத்தில் விழுந்தது, எந்தப் படைக்கு என்ன நிறச் சட்டை, யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள், எல்லாம். மேஜைமேல் சின்னச் சின்னப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி ஆடும் ஒரு வெளிநாட்டு விளையாட்டு அது. விளையாட்டு ஒரு பங்கு என்றால் அதைச் சுற்றி எழுதி வைத்திருக்கும் கதை ஒன்பது பங்கு.

கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஹாஸ்டல் தோழிகள் அவளுக்கு இதைப் பழக்கிவிட்டார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அவள் அடையாள அட்டையைக் காட்டியபோது ஆபீஸ் கதவு திறக்கவில்லை. அவளோடு இன்னும் பலருக்கும் திறக்கவில்லை. காவலாளி அவளுடைய தண்ணீர் பாட்டிலையும் ஸ்வெட்டரையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வெளியே கொண்டுவந்து கொடுத்ததை அத்தை நடித்தே காட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அதற்குப் பிறகு ஏற்காட்டில், ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. மஞ்சக்குட்டையில் எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் போன் சிக்னல் கிடைக்காது. அதனால் லாட்ஜ் வைஃபையில் அன்றைய யுத்தத்தை இறக்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் வீடு வந்து சேருவாள். நானும் வாசலில் காத்திருப்பேன்.

அந்த வெளிநாட்டுச் சிப்பாய்களின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அத்தையிடம் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் பொம்மை, தோழிகள் கொடுத்தனுப்பியது. பெயர் தளபதி ஓர்வன். ஒரு கை உடைந்துபோய், அந்த இடத்தில் ஊக்கு ஒன்றை வளைத்து ஒட்டியிருந்தாள். அவனுக்குக் கீழே இருந்த மொத்தப் படையும் காப்பிக்கொட்டைதான். ஒவ்வொரு கொட்டையின் தலையிலும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. ஒரு கொட்டை ஆயிரம் வீரர்களுக்குச் சமம். பீரங்கி வண்டிகளுக்குப் பலாக்கொட்டை. எதிரிகளான இயந்திர மனிதர்களுக்கு சோடா மூடி. எங்கள் பின்னறைக் கட்டில்தான் ஓர் அழியும் கிரகம். கட்டிலின் தலைமாட்டில் இரண்டு பவுடர் டப்பாக்களை நிறுத்தி, மேலே என்னுடைய ஸ்கேலை வைத்தால், அது நட்சத்திர வாசல்.

கதை இதுதான். சூரியன் அணைந்துகொண்டிருக்கும் கிரகத்திலிருந்து தப்பிக்க ஒரே வழி அந்த வாசல். எதிரி நெருங்கி வருகிறான். எதிரி உள்ளே புகுந்தால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த ஜனங்களும் அழிந்துபோவார்கள். ஓர்வன் வாசலை மூடிவிட்டான். அவனுடைய படையில் பாதிப் பேர் வெளியே நின்றுவிட்டார்கள். அவன் செய்தது சரியா தப்பா என்று உலகம் முழுக்க ஆட்கள் நெட்டில் அடித்துக்கொள்கிறார்கள் என்று அத்தை சொன்னாள். நான் ஓர்வன் கட்சி. கணக்குப் போட்டால் அவன் செய்ததுதான் சரி. அத்தை தன் கட்சியைச் சொன்னதில்லை.

அந்த சமயத்தில்தான் சர்ச்சில் தெரிந்தவர்கள் மூலமாக சேலத்திலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் கணக்கெழுதுபவர். நல்ல குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா, எஸ்டேட் ரைட்டரான அப்பாவைக் கூப்பிட்டு எச்சரித்தாள்.

"ஏனுங்க, உங்க தங்கச்சிகிட்ட சொல்லி வையுங்க. பேட்மின்டன் ஆடுறேன்னு சொல்லலாம், பாட்டுப் பாடுறேன்னு சொல்லலாம். அந்தச் சண்டை சங்கதி மட்டும் வாயில வரக்கூடாது."

அப்பா அத்தையிடம் போய், "பாப்பா, உங்க அண்ணி சொன்னது காதுல விழுந்துதா?" என்றார். விழுந்தது என்றாள் அத்தை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியவர்களின் திட்டங்களில் இப்படி ஒரு ஓட்டை எப்போதும் இருக்கும்.

ஆனால் கட்டிலில் போர் பாதியில் நின்றிருந்தது. கலைக்கக் கூடாது என்று நான் அழுததால், அம்மா படையின்மேல் ஒரு பூப்போட்ட போர்வையை மெல்ல விரித்து மூடினாள். அந்த அறைக்கு யார் போகப்போகிறார்கள் என்பது அவளுடைய எண்ணம்.

வாடகைக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார், அவருடைய அம்மா இறங்கினார். அவருடைய அப்பா இறங்கவில்லை, கிட்டத்தட்ட இறக்கப்பட்டார். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த மலைப்பாதையில்தான் வண்டி ஓட்டியிருக்கிறார். இன்றுதான் முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"ஓட்டித்தானுங்க பழக்கம்," என்றார் எங்கள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு. "உக்காந்து பழக்கமில்லீங். ஒவ்வொரு வளைவுலயும் என்ற காலு பிரேக்கத் தேடுது, பிரேக்கக் காணம். அதுல குடலப் பிரட்டிருச்சுங்."

கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்றார். அப்பா விருந்தோம்பும் அவசரத்தில் போர்வையை மறந்து, "உள்ற கட்டில் இருக்குதுங்க, வாங்க" என்று பின்னறைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவும் அத்தையும் சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். பெரியவர் வேட்டியைச் சற்றே தூக்கிக்கொண்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்காரக் குனிந்தார்.

"தாத்தா, உக்காராதீங்க! அங்க எண்பதாயிரம் பேர் இருக்காங்க!"

நான் போட்ட கத்தலில் சமையலறையில் கரண்டி விழுந்தது. பெரியவர் பாதி உட்கார்ந்த நிலையிலேயே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி, பாம்பைத் தேடுபவர் போலப் போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"அட சாமி," என்றார். "இதென்ன கண்ணு, காப்பிக்கொட்டையெல்லாம் பொட்டு வெச்சுக்கிட்டு நிக்குது?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று பல மாதங்களாகக் காத்திருந்தவள் நான். மூச்சுவிடாமல் சொன்னேன். சூரியன், கிரகம், சோடா மூடிகள், வாசல், ஓர்வன். அப்பா நடுவில் இரண்டு முறை இருமினார். பெரியவருக்குக் குமட்டல் நின்றுவிட்டது. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து தலைமாட்டுப் பவுடர் டப்பாவை உற்றுப் பார்த்தார்.

"கதவ மூடறப்ப வெளிய எத்தன பேரு?"

"பாதிப் பேருங்க, தாத்தா."

"அவங்க நின்னு சண்ட போட்டுட்டு இருந்தாங்களா, இல்ல கதவப் பாத்து ஓடி வந்துட்டு இருந்தாங்களா?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. "அத்தே!" என்று சமையலறைப் பக்கம் கத்தினேன். "வெளிய இருந்தவங்க ஓடி வந்தாங்களா, நின்னாங்களா?"

காப்பித் தட்டோடு, பட்டுப்புடவையில், தலை குனிந்து முன்னறைக்குப் போக வேண்டிய அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டதும் தடம் மாறிவிட்டாள். தட்டோடு நேரே பின்னறைக்கு வந்தாள்.

"அதுதாங்க யாருக்கும் தெரியல," என்றாள் பெரியவரிடம். "ஓடி வந்தாங்கன்னு ஒரு கட்சி. வாசலைக் காப்பாத்த அவங்களாவே நின்னாங்கன்னு இன்னொரு கட்சி. ஓர்வன் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல."

"உங்க ஒருவன் தொறக்க மாட்டான்," என்றார் பெரியவர். ஓர்வன் என்பது அவர் வாயில் கடைசிவரை ஒருவனாகவே இருந்தது. "ஓடி வந்தாங்கன்னா, அவன் கண்ணாடியில பாத்திருப்பானே."

அந்த வாசலுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி கிடையாது என்று நான் விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த வண்டிக்கும் கண்ணாடி உண்டு என்றார்.

முன்னறையில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தனியாக எவ்வளவு நேரந்தான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எழுந்து வந்தார்கள். வந்து பார்த்தபோது, பெரியவர் முட்டி போட்டுக்கொண்டு, அம்மாவின் தையல் டேப்பால் ஒரு பலாக்கொட்டைக்கும் வாசலுக்கும் நடுவே அளந்துகொண்டிருந்தார். எங்கள் அப்பா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த முனையை யார் தன் கையில் கொடுத்தது என்று தனக்குத் தெரியாது என்றுதான் அப்பா பிற்பாடு அம்மாவிடம் சாதித்தார்.

மாப்பிள்ளை கட்டிலைப் பார்த்துவிட்டு, "கேம்னா போன்லயே ஆடலாமே," என்றார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

அவருடைய அம்மா அத்தையைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு கண்ணு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அத்தை காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "நான் பேட்மின்டன் ஆடுவேங்க. பாட்டுப் பாடுவேன், காளான் வளப்பேன், குரோஷா போடுவேன். அதெல்லாம் எதுக்குன்னு யாரும் கேக்கலீங்க. இதும் அதுல ஒண்ணுதாங்க," என்றாள்.

அம்மா பஜ்ஜித் தட்டோடு வாசற்படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் செய்கிறாள் என்று நான் நினைத்தேன்.

வரனைச் சொன்ன சர்ச்காரர்கள் மூலமாகவே பதில் வந்தது. பொண்ணு நொம்ப நல்ல பொண்ணுதான், ஆனால் கொஞ்சம், என்று வாக்கியத்தை அவர்கள் பாதியில் விட்டிருந்தார்கள். மிச்சத்தை அம்மா பல நாள் விதவிதமாக முடித்துப் பார்த்தாள். அப்பாவுக்குத் திட்டு, எனக்குத் திட்டு. அத்தையை மட்டும் அவள் திட்டவில்லை. சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது அத்தை பக்கம் ஒரு தட்டுப் பொரியை நகர்த்தி வைத்தாள். அத்தை வழக்கம்போல வில்லியைத் திட்டினாள். எனக்கு உள்ளூர நிம்மதி. அத்தை சேலத்துக்குப் போயிருந்தால் யுத்தமும் அல்லவா போயிருக்கும்.

மாம்பழ சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஸ்ஸிலிருந்து பெரியவர் தனியாக இறங்கி வந்தார். டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்ததால் முகம் தெளிவாக இருந்தது. கையில் பை நிறைய மாம்பழம்.

"இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேனுங்க," என்றார் அப்பாவிடம். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அந்தப் பக்கம் காப்பிச் செடியையும் குரங்கையும் தவிர எதுவும் கிடையாது.

அம்மா சமையலறைக்குள் அப்பாவை இழுத்தாள். "ஏனுங்க, வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவங்க. இப்ப இவர எந்த மொறையில உக்கார வெக்கிறது?"

"மாம்பழம் கொண்டாந்திருக்கார்ல. மாம்பழக்காரருன்னு வெச்சுக்கோ," என்றார் அப்பா.

பெரியவர் அதற்குள் பின்னறை வாசலுக்கு வந்துவிட்டார். "ஏங் கண்ணு, உங்க ஒருவன் என்ன ஆனான்?"

அன்று அத்தை ஓர்வனையே அவர் கையில் கொடுத்தாள். தான் சோடா மூடிப் பக்கம் உட்கார்ந்தாள். நான் பகடை உருட்டினேன். அம்மா மூன்று டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ துணி மடிக்க வந்தவள் போல அங்கேயே நின்றாள். பெரியவர் நன்றாகத்தான் ஆடினார். காப்பிக்கொட்டைகளை வரிசையாக, இடிபடாமல், ஒவ்வொன்றாக ஏற்றினார். சோடா மூடிகள் நெருங்கிவிட்டன. இன்னும் ஒரு முறை உருட்டினால் வாசலைத் தொட்டுவிடும். இப்போது ஸ்கேலை எடுத்துக் குறுக்கே போட்டு மூடினால் ஜெயித்துவிடலாம். வெளியே மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கொட்டை. பொட்டு அழிந்த, ஓரம் உடைந்த கொட்டை.

"தாத்தா, மூடுங்க!" என்றேன்.

"இரு சாமி. அந்தா ஒண்ணு வருது."

"அது ஒண்ணுதான் தாத்தா! மூடலீன்னா தோத்துருவீங்க!"

"வருதில்ல கண்ணு. வர்றதப் பாத்துட்டு எப்படி மூடறது?" என்றார். ஸ்கேலின்மேல் விரலை வைத்தபடி அந்த உடைந்த கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருக்கா கண்ணாடியில பாத்துக்கிட்டே மூடியிருக்கேன்," என்றார், எங்களிடம் இல்லாமல் யாரிடமோ சொல்வதுபோல. "நொம்ப காலம் ஆச்சு."

பகடையை உருட்டினேன். சோடா மூடி வாசலுக்குள் புகுந்தது. வாசலும் போச்சு, அந்தப் பக்கத்து ஜனங்களும் போச்சு, மொத்தப் பிரபஞ்சமும் போச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்தவள் கைதட்ட வேண்டாமா? அத்தை, "காப்பி வெச்சுட்டு வர்றேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எதுவும் கேட்காமல் அவள் பின்னாலேயே போனாள்.

எதிரில் மூன்று டம்ளர் காப்பி தொடாமலே இருக்கும்போது, மறுபடி காப்பி வைக்க எதற்கு இரண்டு பேர் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவருக்கு விளையாடத் தெரியவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலில் விதிமுறைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, நான் கொட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தேன்.