தானாக வரும் படங்கள்

அலுவலகத்தில் அவளுக்குக் கலரக்கா என்று பெயர். அவள் உடுத்துவதெல்லாம் சாம்பலும் பழுப்பும்தான். பெயர் வந்தது வேலையால்.

தொழிற்சாலைகளுக்கான பெரிய காற்றாடிகளை வடிவமைக்கிற நிறுவனம் அது. ஒரு காற்றாடியைச் செய்வதற்கு முன் அதைக் கம்ப்யூட்டருக்குள் சுழலவிட்டு, இறக்கை எங்கே வளையும், எங்கே விரிசல் விடும் என்று மேல்மாடியில் கணக்குப் போடுவார்கள். முடிவாக வருவது வெறும் எண்கள். லட்சக்கணக்கில் வரும் எண்களை யார் உட்கார்ந்து படிப்பது? அவற்றைப் படமாக்குவது கலரக்காவின் வேலை. இறக்கை தாங்கும் பாரம் குறைவான இடத்தில் நீலம், கூடினால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு.

முன்பெல்லாம் ஒவ்வொரு படத்தையும் அவளே உட்கார்ந்து செய்தாள். மேல்மாடிக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் இறங்கி வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள்.

"அக்கா, சிவப்பைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டுங்களேன். மேனேஜர் பாத்தா மயங்கி விழுந்துடுவார்."

"சிவப்பு குறையணும்னா போய் இறக்கையைத் தடியாக்கு. என்கிட்ட என்ன பேரம்?"

இப்படிப் பொழுது ஓடியது. பிறகு ஒருநாள் மேனேஜர், "இதெல்லாம் தானா நடக்குற மாதிரி ஒண்ணு எழுத முடியுமாம்மா?" என்று கேட்டார். அவளால் முடியும். மாதக்கணக்கில் மாய்ந்து மாய்ந்து எழுதினாள். கணக்கு முடிந்ததும் அவளுடைய புரோகிராம் தானே கோப்பை எடுக்கும், சரிபார்க்கும், படம் வரையும், உரியவருக்கு அனுப்பிவிடும். குழாயின் ஒரு முனையில் எண்கள் போனால் மறுமுனையில் படம் வந்து விழும். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் யாரும் கீழே வரவில்லை. பக்கத்து நாற்காலியையும் யாரோ கூட்ட அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டிலும் பேச ஆள் கிடையாது. தம்பிக்குக் குழந்தை பிறந்ததும் அம்மா அவனோடு போய்விட்டார். போனில் கேட்பார்: "மெஷினே எல்லாத்தையும் செய்யுதுன்னா உனக்கு எதுக்குடி சம்பளம்?"

"மெஷினைப் பாத்துக்கத்தான்மா."

"உன்னை யாரு பாத்துக்கறா?"

பதில் யோசிப்பதற்குள் அங்கே குழந்தை வீறிட்டு அழும். அம்மா வைத்துவிடுவார்.

அப்படியிருக்கையில்தான் குழாய் அடைத்துக்கொண்டது. மேல்மாடிக்கு வந்த புது மெஷின், தன் கோப்புகளில் அளவு மீட்டரா மில்லிமீட்டரா என்று எழுதவில்லை. புரோகிராம் திகைத்து நின்றது. அந்த மெஷினில் வேலை செய்பவருக்குக் கட்டைக்குரல் என்று பட்டப்பெயர். அவர் படியிறங்கி வந்தார். உட்கார இடமில்லாமல் கூட்ட அறையிலிருந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"மீட்டர்னு எடுத்துக்கிட்டா உங்க இறக்கை நாலாயிரம் மீட்டர் நீளம் சார்" என்றாள் அவள்.

"ஐயோ! சுத்தவிட்டா நம்ம தெருவையே தூக்கிட்டுப் போயிடுமே!"

அவர் சிரித்த சிரிப்பில் மேஜை அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். அலுவலகத்தில் தன் சிரிப்பைக் கேட்டே வெகுநாளாகிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தக் கோப்பை மட்டும் கையால் திருத்திப் படம் எடுத்துக் கொடுத்தாள். இறக்கையின் நீளத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளவைக் கண்டுபிடிக்கும்படி புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தால் இனி நிற்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். சேர்க்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த கோப்பிலும் நின்றது. அவர் வந்தார், பிஸ்கட் பாக்கெட்டோடு. அதற்கடுத்த கோப்பிலும் வந்தார். நாற்காலி அங்கேயே தங்கிவிட்டது. அந்த இரண்டு வரியை அவள் தினமும் நினைத்தாள், தினமும் தள்ளிப்போட்டாள்.

ஒரு மாலை அவர் வந்தபோது சிரிப்பில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரமா சார்?"

"பொண்ணு ஸ்கூல்ல இன்னைக்கு நாடகம். படம் அனுப்பாம கிளம்ப முடியாது. இந்நேரம் முடிஞ்சிருக்கும். விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

அந்தப் 'பாவம்' அவளைச் சுருக்கென்று குத்தியது. புரோகிராமைத் திறந்து இரண்டு வரியையும் எழுதினாள். படம் வந்து விழுந்தது.

"இனிமே நிக்காது சார். இதை நான் முதல்லயே செஞ்சிருக்கணும். தப்பு என்மேலதான்."

"அட, விடுங்கம்மா. ரொம்ப நன்றி." அவர் எழுந்தார். ஒழுங்கான மனுஷர், போகிற போக்கில் நாற்காலியைக் கூட்ட அறையில் போட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் படங்கள் தானாகவே போயின. மத்தியானம்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கலரக்கா, எழுந்து மாடிப்படி ஏறினாள். அவள் தலையைப் பார்த்ததுமே மேல்மாடி கப்சிப்பென்று ஆனது. கட்டைக்குரல்காரர் பதறி எழுந்தார்.

"படத்துல ஏதாவது தப்பா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல சார். உங்க பொண்ணுக்கு நாடகத்துல என்ன வேஷம்னு கேக்கலாம்னு வந்தேன்."

"மரம்" என்றார். "வசனம் கிடையாது. கடைசிவரைக்கும் அசையாம நிக்கணும். நல்லா நின்னாளாம்."

"நிக்கறதும் கஷ்டம்தான் சார்."

அவர் சிரித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேஜையில் போன் அடித்தது. எடுத்துப் பேச ஆரம்பித்தார். அவர் முடிப்பார் என்று அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பேச்சு நீண்டது. பிறகு படியிறங்கித் தன் இடத்துக்குப் போனாள்.