கரையாத போரன்

லொறிச் சில்லுகளுக்குப் போல்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே போக, வெள்ளவத்தை வீட்டிலிருந்து ஒருகொடவத்தைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். உருக்கைச் சோதிக்கும் அறையில் நான் ஒருத்திதான்.

உலையடியில் நின்றவர் ஹட்டன் பக்கத்து ஆள். குடும்பத்தோடு கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தார். சோதனைக்குப் போல்ட் கொண்டுவரும்போதெல்லாம் ஏதாவது கேட்பார். எங்கள் உருக்கில் போரன் என்ற தனிமம் துளியளவு சேர்ந்திருக்கும் என்று ஒருநாள் சொன்னேன்.

"இத்துனூண்டு போரன் போட்டா என்னாங்க மிஸ் ஆகப்போவுது?"

அவருக்குப் படம் கீறிக் காட்டினேன். இரும்புப் படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்கும். காபன் அணு சின்னது, இடைவெளிக்குள் நுழைந்துவிடும். போரன் அப்படியில்லை. இடைவெளிக்குள் நுழையக் கொஞ்சம் பெரிது, இரும்பணுவின் இடத்தில் இருக்கவோ சிறிது. அதனால் மிகக் கொஞ்சம்தான் கரையும். கரைந்த அந்தக் கொஞ்சமும் படிகமும் படிகமும் தொடுகிற எல்லைகளில் போய் நிற்கும். அது அங்கே நின்றால்தான், உலையிலிருந்து எடுத்து எண்ணெய்யில் அமிழ்த்தும்போது உருக்கு நடுவரை இறுகும்.

"உருக்கில நைதரசன் மிச்சமா இருந்தா போரன் அதோட சேந்திடும், அண்ணை. பிறகு இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்," என்றேன்.

இறக்குமதித் தட்டுப்பாட்டு நாட்களில் போல்ட் செய்யும் உருக்குக் கம்பி புதிய இடமொன்றிலிருந்து வந்தது. அதில் செய்த போல்ட் ஒன்றைக் குறுக்கே வெட்டி வைரமுனையால் அழுத்திப் பார்த்தேன். நடுப்பகுதி இறுகவே இல்லை. இன்னும் ஆறு வெட்டினேன். ஆறும் அப்படியே.

மனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் கம்பியோடு வந்த கடதாசியை நீட்டினார்.

"போரன் அளவு சரியாத்தானே கிடக்கு?"

"ஓம் சேர், அளவு சரி. ஆனா அது கரைஞ்சு கிடக்கேல்ல. கடதாசி அதைச் சொல்லாது."

"வேற கம்பி எங்க இருக்கு, சொல்லுங்கோ பாப்பம். சைன் பண்ணுங்கோ."

கணவரின் வேலை போய் நாலு மாதம். போல்ட்கள் சோதனையில் தேறியதாகக் கையெழுத்து வைத்தேன்.

லொறிகளுக்குப் போனவை என்னவாயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிஞ்சிய போல்ட்களில் சிலவற்றை எடுத்து, உலைக்கு மேலே இருந்த பாரந்தூக்கியைக் கூரை உத்தரத்தில் பூட்டியிருந்தார்கள். அதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை, சிவக்கச் சூடான போல்ட்கள் நிறைந்த கூடையோடு அது கழன்று விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிப்போனேன். உலையடி அண்ணையின் வலது கால் கூடையின் கீழே இருந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அறுந்த போல்ட்களை நானே வெட்டிப் பார்த்தேன். அதே கம்பி. அறிக்கை எழுதிக் கொடுத்தேன். "வேலையாளின் கவனயீனம்" என்று மேலிடம் முடித்துக்கொண்டது. என் அறிக்கையைப் பற்றி எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார்.

"அந்தப் புதுக் கம்பிதானுங்களா மிஸ்?"

"ஓம்."

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும் அண்ணை. நான்தான் சைன் வைச்சனான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேநீர் வரவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"நீங்க போங்க மிஸ்," என்றார் கடைசியில்.

அதன்பிறகு நான் அங்கே போகவில்லை. அவர்கள் ஹட்டனுக்கே திரும்பிவிட்டார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். உலையடியில் இப்போது வேறு ஒருவர் நிற்கிறார். அவர் போல்ட்களை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். அந்தக் கம்பி இன்னும் வருகிறது.