மூவர்ணத்தின் ஃபைல்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு பஸ்ஸின் முதுகைப் பார்த்துத்தான். காலேஜ் விட்டு ஓடி வந்தும் பஸ் கிளம்பிவிட்டது. அது போவதைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நின்றேன். பின்பக்கத் தகரத்தில் தலைகீழாக ஒரு பெரிய சிவப்பு முக்கோணம். பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். நால்வரும் சிரிக்கிறார்கள். தில்லியில் ஆயிரம் தடவை பார்த்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படம். அன்றைக்கு மட்டும் அந்த அம்மா இருந்த இடத்தில் எங்கள் மாடிப்படிப் பூனையின் முகம் தெரிந்தது. மனுஷருக்குச் செய்கிறார்களே, பூனைக்கு ஏன் செய்யக் கூடாது? இந்தக் கேள்வியில் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

பூனைக்கு மூவர்ணம் என்று பெயர். வெள்ளை உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக இருக்கும். ஆர்.கே.புரத்தில் எங்கள் பிளாக்கில் எட்டு வீடுகள். அதில் ஆறு தமிழ் வீடுகள், எட்டிலும் சர்க்கார் உத்தியோகம். மூவர்ணத்துக்கு மட்டும்தான் உத்தியோகம் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை படிக்கட்டுக்குக் கீழே, மின்சார மீட்டர் பெட்டிக்கு அடியில் குட்டி போடுவாள். கடைசியாகப் போட்ட நாலும் தத்தித் தத்தி எல்லா வீட்டுக்குள்ளும் நடக்க ஆரம்பித்திருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை நாலையும் காணோம்.

யார் செய்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டு அண்ணாச்சி அவராகவே ஒப்புக்கொண்டார். திருநெல்வேலிக்காரர், ஏதோ ஒரு மந்திரி அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர்.

"மார்க்கெட்டுக்குப் பின்னால மீன்கடை கிட்டத்தானம்மா விட்டேன். சாகவா விட்டேன்?"

"அண்ணாச்சி, அதுங்க குழந்தைங்க!"

"கொழந்த செய்யுத வேலையத்தான் செஞ்சிருக்கு. என் ஆபீஸ் ஷூவுக்குள்ள. நா பாக்காம கால விட்டுட்டேம்லா!"

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். மறுபடி வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து நின்னுச்சுன்னா இந்தத் தடவ தாயையும் சேத்துக் கோணிக்குள்ள போட்டுருவேன். பாத்துக்கிடு."

மார்க்கெட்டுக்குப் பின்னால் போய்த் தேடினேன். ஒரு குட்டியும் இல்லை. மூவர்ணம் மூன்று நாள் படிக்கட்டு படிக்கட்டாகக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தாள். நாலாவது நாள்தான் நான் பஸ்ஸைத் தவறவிட்டது.

பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பஞ்சாபி டாக்டரம்மாவை விசாரித்துப் பிடித்தேன். குட்டிகளைப் பிரிந்த பூனை சில வாரங்களிலேயே மறுபடி சினைப்படும், செய்வதென்றால் சீக்கிரம் செய் என்றார். எங்கள் பிளாக்கைச் சுற்றும் காது கிழிந்த கறுப்புக் கடுவன் அப்போதே மதில்மேல் உட்கார்ந்து பாட ஆரம்பித்திருந்தான். நேரே அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"வாயால பேசாத. நோட்டுப் போட்டுக் கொண்டா" என்றார்.

இது விளையாட்டல்ல. எங்கள் பிளாக்கில் தண்ணீர்த்தொட்டி கழுவுவதானாலும் மாடிப்படிக்கு பல்பு வாங்குவதானாலும் ஒரு ஃபைல் வீடு வீடாகப் போகும். ஒவ்வொருவரும் ஆபீசில் எழுதுவதுபோலவே மார்ஜினில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் விலங்கியல் மாணவி. இரண்டு பக்கம் எழுதினேன். பாரா ஒன்று, பூனையின் இனப்பெருக்கம். பாரா இரண்டு, கோணிப்பை ஏன் தீர்வாகாது. பாரா மூன்று, கருத்தடை ஆபரேஷன். சிவப்பு நாடா கட்டி அனுப்பினேன்.

நாலு நாளில் திரும்பி வந்தது. நாலு வீட்டில் 'ஆட்சேபணை இல்லை'. ஒருவர் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தார். பார்த்து என்ன நினைத்தார் என்று இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அண்ணியான எதிர்வீட்டு பாபிஜியின் கணவர் இந்தியில் 'பேசவும்' என்று எழுதியிருந்தார். போய்ப் பேசினேன். "நஸ்பந்தியா?" என்று கேட்டுவிட்டு வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். ஆண்களைப் பிடித்துக் கட்டாய ஆபரேஷன் செய்த எமர்ஜென்சி முடிந்து சில வருஷங்கள் ஆகியும் கருத்தடைக்கான அந்தச் சொல்லைத் தில்லியில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பாபிஜிதான் தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்து, "உங்களுக்கில்லை, ஜீ! பூனைக்கு. கையெழுத்துப் போடுங்க" என்று இந்தியில் அதட்டினாள். போட்டார். கடைசியாக அண்ணாச்சி, 'முயன்று பார்க்கலாம். காலக்கெடு மாறாது' என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

டாக்டரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பூனை வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். நான் மாடிப்படிச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் நோட்டீஸ் ஒட்டினேன்: 'சனி மாலை முதல் பூனைக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது.' யாரும் கொடுக்கவில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

ஞாயிறு காலை முழுதும் ஆப்பிள் பெட்டிக்கு மூடி வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏதோ சொன்னாள். சுத்தியல் சத்தத்தில் காதில் விழவில்லை. இரண்டு மணிக்கு மூவர்ணம் தானாகவே வந்தாள், ஒரு கீறல்கூடப் போடாமல் பெட்டிக்குள் நடந்து போய்ச் சுருண்டு படுத்தாள். என்மேல் என்ன நம்பிக்கை என்று பூரித்துப்போனேன். பாபிஜியும் நானும் ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். இன்னும் சினை இல்லை. "சாப்பிட ஒன்றும் கொடுக்கலையே, பேட்டா?"

"ஒரு பருக்கைகூட இல்லை, டாக்டர்ஜி!"

மயக்கத்துக்கு முந்தின ஊசியைப் போட்டார். சில நிமிஷங்களில் மூவர்ணம் கழுத்தை நீட்டினாள், இரண்டு தடவை உடம்பைக் குலுக்கினாள், மேஜைமேல் வாந்தி எடுத்தாள். சாதம், நெய், எள்ளு. ஒரு பெரிய வடைத் துண்டு.

டாக்டரம்மா அந்த வடையை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன?"

பாபிஜி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் அம்மா காலையில் சொன்னது காதில் விழுந்தது. மகாளய அமாவாசை. அப்பா ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்ததால் எங்கள் வீட்டில் தர்ப்பணம் இல்லை. மற்ற ஐந்து தமிழ் வீடுகளிலும் தர்ப்பணம் முடித்து, சாதமும் வடையுமாக காக்காய்க்கு பால்கனிச் சுவரில் வைத்திருக்கிறார்கள். காக்காய் வருவதற்கு முன்னால் மூவர்ணம் ஐந்து வீட்டிலும் சாப்பாடு முடித்திருக்கிறாள். பெட்டிக்குள் சாதுவாக நடந்து போனதே, அது நம்பிக்கை இல்லை. உண்ட மயக்கம்.

"முழு மயக்கத்தில் வாந்தி எடுத்திருந்தால் நுரையீரலுக்குள் போயிருக்கும். செத்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அடுத்த ஞாயிறு கொண்டு வா என்றார்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பூனையைப் பெட்டியில் திரும்பக் கொண்டு வந்தோம். மூன்றாம் மாடி மாமி படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, ஆச்சா?"

"எங்க மாமி ஆறது! நீங்க வெச்ச வடை வெளில வந்துது."

"நான் எங்கடி பூனைக்கு வெச்சேன்? காக்காய்க்குன்னா வெச்சேன்! நீ பூனைக்குக் குடுக்கப்படாதுன்னுதானே எழுதி ஒட்டியிருந்தே. காக்காய்க்கு வெக்கப்படாதுன்னு எங்க எழுதியிருந்தே?"

மாமி கேட்டது நியாயம்தான். படித்த பெண், தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பார்க்கத் தெரியவில்லை. பூனையைக் கட்டிப்போட இடம் பார்க்காமல் நோட்டீஸை நம்பினேன். தீபாவளிக்கு நாலு வாரம்தான் இருந்தது. மதில்மேல் அந்தக் கறுப்பன் வேறு பாடிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ஃபைலை எடுத்துப் பாரா நாலு எழுதினேன். நாள் பார்க்காமல் முடிவு செய்தது என் தவறு. முதல் நாளே பூனையை அடைத்து வைக்காததும் என் தவறு. பூனை பிழைத்தது டாக்டரின் கவனத்தால். அடுத்த ஞாயிறு மறுபடி முயல அனுமதி வேண்டும். கையெழுத்துப் போட்டு அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"இருவத்தாறு வருச சர்வீசு எனக்கு. 'என் தவறு'ன்னு எழுதி ஒருத்தன் கையெழுத்துப் போட்டு நா பாத்ததில்ல."

ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கன அடைச்சு வைப்பே?"

"தெரியல, அண்ணாச்சி. ஆப்பிள் பெட்டில ராத்திரி முழுக்க வெச்சா பாவம்."

அவர் எழுந்து பின்பக்க வராந்தாவுக்குப் போனார். கோடை முடிந்து மூட்டை கட்டி வைத்திருந்த அவருடைய ஏர் கூலர் அங்கே நின்றது. இடுப்புயரத் தகரப் பெட்டி. மூன்று பக்கமும் காற்று வர வரிசையாகத் திறப்புகள். மோட்டாரைக் கழற்றி, வைக்கோல் தட்டிகளை உருவி எறிந்துவிட்டு, உள்ளே அவருடைய பழைய லுங்கி ஒன்றை விரித்தார்.

"காத்து வரும், காக்கா வராது" என்றார். ஷூவை மட்டும் எடுத்து உயரமாக ஒரு ஆணியில் மாட்டினார்.

அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு சுண்டல். மாமி படிக்கட்டில் நின்று, பூனைக்குத் தேங்காய்ச் சில்லு போட்டால் கையை ஒடிப்பேன் என்று எல்லாக் குழந்தைகளையும் தமிழில் ஒரு தடவை, புரியாத பிள்ளைகளுக்காக இந்தியில் ஒரு தடவை மிரட்டினாள். சனி சாயங்காலம் மூவர்ணம் கூலருக்குள் போனாள். ஞாயிறு காலை மாமி தினமும் வைக்கிற காக்காய்ச் சாதத்தைக்கூட வைக்கவில்லை. "ஒரு நாள் அதுகளுக்கும் உபவாசம், போ" என்றாள். மாமி காக்காய்க்கு நிறுத்தி வைத்தது அந்த வீட்டுச் சரித்திரத்திலேயே அந்த ஒரு நாள்தான்.

அண்ணாச்சி சிவந்த கண்ணோடு கதவைத் திறந்தார். "விடிய விடியக் கத்துனா. என்ன தொண்டை!" அன்று ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் பெட்டி அவர் மடியில் இருந்தது.

இந்தத் தடவை வாந்தி இல்லை. ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தலையை ஆட்டினார். நான் அந்த இடத்திலேயே குதித்தேன். அண்ணாச்சி அதட்டினார், ஆனால் அவர் மீசை சிரித்தது.

பத்து நாள் கூலர்தான் ஆஸ்பத்திரி. தையலை நக்காமலிருக்க பாபிஜி பழைய ஃபிளானல் பைஜாமாவில் நாலு கால் விட்டு ஒரு சட்டை தைத்தாள். மூவர்ணம் அதைப் போட்டுக்கொண்டு லீவு மறுக்கப்பட்ட குமாஸ்தாவைப்போல் எல்லோரையும் முறைத்தாள். ஆபீஸ் விட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போகுமுன் கூலரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். 'பார்த்தேன்' என்று எழுதியவரும் பார்த்தார்.

தீபாவளியன்று வெடிச்சத்தத்துக்குப் பயந்து, தையல் பிரித்த பிறகும் அவளாகவே ஓடி வந்து கூலருக்குள் புகுந்துகொண்டாள். வயிறு ஒட்டி இருந்தது. அண்ணாச்சி கூலர்மேல் ஒரு கம்பளியைப் போட்டார். பிறகு ஃபைலை வாங்கி, 'காலக்கெடு ரத்து. பூனை இங்கேயே இருக்கும்' என்று எழுதினார். அந்த வரியைப்போல ஒன்றை என் எந்தப் பரீட்சைத் தாளிலும் நான் வாங்கியதில்லை.

அடுத்த பிளாக்கிலிருந்து ஃபைலைக் கேட்டு வந்தார்கள். அதற்கடுத்த கோடைக்குள் ஐந்து தாய்ப்பூனைகள் அந்தக் கூலருக்குள் போய் வந்துவிட்டன. அந்த வருஷம் கோடையில் அண்ணாச்சி புழுங்கிக்கொண்டே தூங்கினார். கூலர் எங்கே என்று கேட்டால், "வார்டு காலியில்ல" என்பார். எங்கள் படிக்கட்டில் அதன் பிறகு கோணிப்பை எடுத்தவர் யாருமில்லை. இதை நாங்கள் செய்தோம், எட்டு வீட்டுக்காரர்கள், ஒரு ஃபைலும் ஒரு தகரப் பெட்டியும் வைத்துக்கொண்டு. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

போன வாரம் ஃபைல் மறுபடி என் மேஜைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் அண்ணாச்சியின் கையெழுத்து: 'பெண்களுக்கு மட்டும்தானா? அந்தக் கறுப்பனைப் பற்றி நோட் போடவும்.' எதிர்வீட்டுக்காரர் அதன் கீழ் ஒன்றுமே எழுதாமல் அவசரமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கறுப்பன் ஆப்பிள் பெட்டிக்கெல்லாம் அடங்குகிறவன் இல்லை. இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்றுக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். அண்ணாச்சி ஊரிலிருந்து கொண்டு வந்த கருவாடு ஒரு துண்டு, மாமிக்கு வாசனை போகாமல் மூன்று காகிதத்தில் சுற்றித் தயார். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் மதில் ஓரம் வைக்கப்போகிறோம். காலண்டரைப் பார்த்துவிட்டேன், அமாவாசை இல்லை.