அப்பா வெட்டி வைத்த வாய்க்கால்

எங்கள் அப்பாவின் தலைத்திதிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களே, ஊராரே! அப்பாவைப் பற்றி எழுதும்படி அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டார். அழாமல் எழுத முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது அன்னூருக்குக் கிழக்கே இதே தோட்டத்து வீட்டில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து ஏர் பிடித்தவர். அவருடைய இளமையில் எட்டிப் பார்த்தால் தெரிந்த கிணற்றுத் தண்ணீர், எங்கள் காலத்தில் அடிக்குப் போய்விட்டது. பவானியில் பெருகி வீணாகும் வெள்ளத்தை அத்திக்கடவிலிருந்து நம் குளங்களுக்குத் திருப்பக் கேட்டு எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும் அப்பா போய் நிற்பார். அந்தக் கூட்டங்களில் மாலை போட்டுக்கொண்டவர்களின் பெயர்களை வரலாறு எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் என் அப்பாவை எழுதுகிறேன்.

என்னைக் காரமடைக்கு அப்பால் பவானி ஆற்றோரத்து ஊரில் கட்டிக்கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். "ஏனுங்க சம்பந்தி, வருசம் பூராத் தண்ணி இருக்குதுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள், நிலம் அளக்க வந்தவர்கள் எங்கள் வேலியோரம் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியாது. ஆறு வரப்போகிறது என்று அப்பா முடிவே கட்டிவிட்டார்! கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். அங்கிருந்து வாசலை ஒட்டித் தென்னந்தோப்பு வரைக்கும் தன் கையாலேயே வாய்க்கால் வெட்டினார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "தண்ணியே காணோம், வாய்க்கா ஒண்ணுதான் கொறச்சலுங்க! ஒரு போர்வெல் போட்டாத் தென்னையாச்சும் பொழைக்கும்."

"வர்ற தண்ணிய, வாய்க்கா இல்லீன்னு திருப்பி அனுப்பிப்போட முடியுமா?" என்பார் அப்பா.

தென்னைகள் ஒவ்வொன்றாகக் குருத்துச் சாய்ந்தன. அண்ணன் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனார். ஊர் கேலி பேசியது. ஆனாலும் ஆடி பிறக்குமுன் அப்பா வாய்க்காலில் முளைத்த புல்லைச் செதுக்காமல் இருந்ததில்லை.

போன ஆண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே நினைப்புதான். "வாய்க்காலச் செதுக்கியாச்சா, அம்மணி?"

"அண்ணன் செதுக்கீட்டு இருக்கறாருங்கப்பா" என்றேன். உண்மையாகவே அண்ணன் லீவு போட்டு வந்து மண்வெட்டி பிடித்திருந்தார். அப்பா சிரித்தார். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

நான் புகுந்த வீடு திரும்பிய மறுநாள் அண்ணன் போன் செய்தார். "அப்பா போயிட்டாரு, அம்மணி. வரும்போது தண்ணி கொண்டா. குளிப்பாட்டறதுக்குக் கெணத்துல ஒண்ணுமில்ல." ஐயோ, அந்த வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஆற்றில் குடம் குடமாக மொண்டு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வாசலில் வைத்து அப்பாவைக் குளிப்பாட்டினோம். வழிந்த தண்ணீர் சரிவில் இறங்கி, அவர் வெட்டிய வாய்க்காலில் விழுந்து, தோப்பைப் பார்த்து ஓடியது. அம்மா மாரில் அடித்துக்கொண்டு கதறினார். "ஏனுங்க, எந்திரிச்சுப் பாருங்க! ஆத்துத் தண்ணி வந்துருச்சுங்க!"

அன்று குடம் சுமந்தவர்கள், டெம்போவுக்கு வாடகை வாங்க மறுத்த தம்பி, பந்தல் போட்டவர்கள், அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்தார், அத்தனை பேருக்கும் எங்கள் கும்பிடு. வாய்க்காலை மூடிவிட்டால் வாசல் அகலமாகும் என்று சிலர் சொல்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். இந்த ஆடிக்கும் அண்ணன் செதுக்கிவிட்டார்.