கோவையில் மோசமான தாய்லாந்துச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

பாங்காக்கில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போன மாதம் போனில், "இங்கயே இருந்துக்கலாம்னு பாக்கறனுங்கப்பா" என்றாள். என் மனைவி சாந்தி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது.

"அந்தச் சோத்தத் தின்னுபோட்டு எத்தன நாளைக்குங்க இருப்பா? நாமளும் ஒருக்கா தின்னு பாத்துப்போடலாம்."

சனிக்கிழமை காலை தாராபுரத்தில் பஸ் ஏறினோம். எண்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். சிங்காநல்லூரில் இறங்கி ஆட்டோக்காரரிடம், "நல்ல தாய் உணவகமாப் போங்க" என்றேன். நேராக ஒரு மெஸ் வாசலில் நிறுத்தினார். பலகையில் ஓர் அம்மா கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"தாய்லாந்துச் சாப்பாடுங்க!"

"மொதல்லயே நாட்டச் சொல்லோணுமுங்கண்ணா" என்று சலித்துக்கொண்டவர் ரேஸ் கோர்ஸுக்குத் திருப்பினார். மொத்தம் இருநூற்றெழுபது ரூபாய். நாட்டை முதலிலேயே சொல்லுங்கள்.

ரேஸ் கோர்ஸ் கடையின் பலகையில் நான்கு நாட்டுக் கொடிகள். தாய்லாந்து அயிட்டம் உண்டா என்றால், "இருக்குதுங்க" என்றார்கள். வந்த ஆளிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்குத்தான் மனசு வரும்? வந்த சூப்பில் கடுகு தாளித்துக் கறிவேப்பிலை மிதந்தது. சாந்தி ஒரு வாய் குடித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ரசம் ஊசிப்போயிருக்குதுங்க! பாவம் புள்ள. ஆறு மாசந்தான், பொட்டியக் கட்டீட்டு வந்துருவா பாருங்க."

அங்கேயே கிளம்பியிருக்க வேண்டும். ஒரு கடையை வைத்து எப்படிக் கட்டுரை எழுதுவது என்று என் எழுத்தாள மூளை குறுக்கே விழுந்தது. ஆர்.எஸ். புரத்தில் இன்னொரு கடைக்கு இழுத்துப் போனேன்.

மாடியில் ஆறே மேசை. சமைக்கிற பெண் பாங்காக்கில் எட்டு வருடம் சமைத்தவராம். பச்சைக் குழம்பு முந்நூற்று எண்பது ரூபாய், சோறு தனி. சாந்தி கையாலேயே பிசைந்தாள். கிண்ணத்தை விரலால் வழித்தாள்.

"ஏனுங்க, இதுல என்னங்க கொற?"

நானும் தேடித்தேடிப் பார்த்தேன். "காரம் சாஸ்தி" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. அளவாத்தான் இருக்குது."

சமையல்காரப் பெண்ணே வந்து, "இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களாம்மா?" என்றார். சாந்தி தலையைத் தூக்காமல் தட்டை நகர்த்தினாள்.

திரும்பும் பஸ்ஸில் மகளைக் கூப்பிட்டாள். "அந்தப் பச்சக் கொழம்பு எப்படிச் செய்யறதுன்னு கேட்டு அனுப்பு கண்ணு. நம்மூட்டுலயே செஞ்சுபோடறேன்."

"நீங்க எதுக்குங்கம்மா செரமப்படறீங்க? இங்க வாங்க, நானே வாங்கித் தாறேன்."

பல்லடம் வரும்வரை சாந்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: மாடிக் கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறது, ஞாயிறு விடுமுறை. இருவருக்கு ஆயிரம் ரூபாய் போதும். பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் தயவுசெய்து கொடிக் கடையிலேயே சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்புங்கள்.