காஜா பெராங்கில் ஒரு தோட்ட வாத்தியார்

செடிக்குப் பாடம் சொன்னால் அது எதிர்த்துப் பேசாது; செடி வளர்க்க வருகிறவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு, காஜா பெராங்கில் ஒரு காலி மனையில் ஞாயிறுதோறும் பொதுமக்களுக்குத் தோட்டப் பயிற்சி நடத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. தற்காலிக வேலைதான். ஆண்டுக் கடைசியில் அதிகாரி வந்து பார்க்கும்போது மனை பச்சையாக இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் மாமனார் கடையில் எண்ணெய் அளக்க வேண்டும். மாமனாரிடம் சம்பளம் வாங்கியவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

உதிராத இலை

பாடத்திட்டம், எனக்கு முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை எழுதி வைத்துவிட்டுப் போனது. 'இலையுதிர்காலப் பயிற்சி. முதல் பாடம்: உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்து எருவாக்குதல்.' நம் பக்கத்தில் ஒழுங்காக இலை உதிர்ப்பது ரப்பர் மரம் ஒன்றுதான். அதுவும் மாசி பங்குனியில். அப்போதோ ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மேலிடத்து உத்தரவை மீறப் பயந்து, மனையோரம் நின்ற ரம்புத்தான் மரத்தை உலுக்கச் சொன்னேன். இலை விழவில்லை. செவ்வெறும்பு விழுந்தது. பயிற்சிக்கு வந்திருந்த மளிகைக் கடை கனி பாய் முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "துரைதான் கப்பலேறிப் போயிட்டாரே, அவரு ஊரு சீசன மட்டும் ஏன் மாஸ்டர் இங்கயே விட்டுட்டுப் போனாரு?"

நின்று பார்க்கும் வேலை

பயிற்சிக்கு முதலில் பெயர் கொடுத்தவர் முனியாண்டி. எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டை, தொப்பி சகிதம் வந்தார். மண்வெட்டியைக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டிவிட்டு நிழலுக்குப் போய் நின்றுகொண்டார். பாத்தி கோணல் என்றார். குழி ஆழம் பத்தாது என்றார். மதியத்துக்குள் இன்னும் சிலர் அவரோடு நிழலில் சேர்ந்துவிட்டார்கள். வெயிலில் கொத்திக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

"இது செய்முறைப் பயிற்சி, எல்லாரும் மண்ணில் கை வைக்கணும்" என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நா மண்ணுல கை வச்சதே கெடையாது மாஸ்டர். நா நின்ன எடத்துல எது வெளையாம போயிருக்கு, சொல்லுங்க லா."

காணாமல் போன நாற்று

புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து நட்ட மிளகாயும் கத்தரியும் கறிவேப்பிலையும் அடுத்த ஞாயிறு இருக்காது. மறுபடி நட்டேன், மறுபடி குழிதான் மிச்சம். ஆடு மேய்ந்தால் வேராவது மிஞ்சும். இது வேரடி மண்ணோடு போயிருந்தது. பிடுங்கியது என் வேலையை அல்லவா?

ஒருநாள் என் மாணவி பாக்கியம் அக்கா வீட்டு வாசலைக் கடக்கும்போது, என் கறிவேப்பிலை பால் டின்னில் செழிப்பாக நின்றது. அக்கா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட செட்டிக் குடும்பம். வீட்டில் மலாய்தான், தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் திருடி நட்ட செடிதான் தழைக்கும் என்கிற நம்பிக்கை மட்டும் தலைமுறை தலைமுறையாக அப்படியே வந்திருக்கிறது. "கேட்டு வாங்கியிருக்கலாமே அக்கா" என்றேன். அவர் கொஞ்சமும் பதறாமல் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "கேட்டா நீங்க குடுத்துடுவீங்க மாஸ்டர். குடுத்த செடி பொழைக்காது."

அதிகாரி வந்த நாள்

மனையில் களையைத் தவிரப் பச்சையாக எதுவும் இல்லை. அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்ததும், அவரைப் பாக்கியம் அக்கா வீட்டுச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வீடு மிளகாய் காய்த்திருந்தது. கத்தரி கிளை முறியத் தொங்கியது. "எல்லாம் நம்ம நாற்றுதான் ஐயா" என்றேன், கெஞ்சாத குறையாக.

அதிகாரி ஒவ்வொருவரையும் விசாரித்தார். ஆமாம் என்றால் திருட்டை ஒப்புக்கொண்டதாகிவிடுமே. பாக்கியம் அக்கா, தானாக முளைத்தது என்றார். கனி பாய், மச்சான் கொடுத்தது என்றார். முனியாண்டி வானத்தைப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதிகாரிக்கோ ஒரே சந்தோஷம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பயிற்சியே இல்லாம சனங்க இவ்வளவு நல்லாப் பயிர் பண்றாங்க. இங்க வாத்தியார் எதுக்கு?"

ஆக, என்னிடம் படித்த அத்தனை பேரும் பாஸ், வாத்தியார் மட்டும் ஃபெயில்.